லைஃப் ஜாக்கெட் பூஞ்சைக்கு ஆன்லைன்ல விக்கிற 449 ரூபா ஸ்ப்ரே வாங்கலாமா?

மொதல்லயே பதில சொல்லிடறேன், படிக்க நேரம் இல்லாதவங்க இதோட கெளம்பிடலாம். வீட்ல ஒண்ணு ரெண்டு ஜாக்கெட் தான் இருக்குன்னா வாங்குங்க. அதுக்கு மேல இருந்தா மளிகைக்கட வினிகரே போதும், காசு மிச்சம். என் மார்க்கு அஞ்சுக்கு மூணு ஸ்டார், அதுல ஒண்ணு பூஞ்சைய எடுத்ததுக்கு, மீதி ரெண்டு துணிய கெடுக்காம விட்டதுக்கு. ஏன் இப்படி சொல்றேன்னா அதுக்கு முன்னாடி வேற ஒரு பாட்டில் அடிச்சு ஒரு ஜாக்கெட்ட நானே காலி பண்ணிட்டேன், அந்த கதையும் கீழ இருக்கு.

பிராண்டு பேரு போடல. ஒரே சரக்க பத்து பேருல லேபிள் மாத்தி விக்கிறாங்க, பேரு தெரிஞ்சு ஒரு பிரயோஜனமும் இல்ல. பாட்டில திருப்பி பின்னாடி பொடி எழுத்துல என்ன போட்ருக்குன்னு பாருங்க, அது தான் மேட்டர். இதுல பென்சல்கோனியம் குளோரைடுன்னு ஒரு கிருமிநாசினி, 500 மில்லி, ப்ளீச் கிடையாது.

நாங்க அஞ்சு பேரு, கோவளம் பக்கம். ஒரு சின்ன ஃபைபர் படகு, ரெண்டு கயாக், ஞாயித்துக்கிழம ஆனா விடியக்காலைல தூண்டில தூக்கிட்டு போயிடுவோம், தொழில்லாம் கிடையாது, சும்மா பைத்தியம். படகு குப்பத்துல இருக்க ஒரு அண்ணனோடது, அவரு தான் ஓட்டுவாரு. மொத்தம் எட்டு ஜாக்கெட், தண்ணில விழுந்தவங்களுக்கு வீசற வளையம், அதான் லைஃப் பாய், ஒண்ணு, அதே மாதிரி தூக்கி போடற கயிறு பை ஒண்ணு. அக்டோபர் கடைசில போயிட்டு வந்தப்ப மழ புடிச்சிடுச்சு, அப்படியே ஈரத்தோட எல்லாத்தையும் மூடி போட்ட ப்ளாஸ்டிக் ட்ரம்முக்குள்ள அமுக்கி ஷெட்ல போட்டுட்டு வந்தது தான், அப்புறம் வடகிழக்கு பருவமழ, காத்து, புயல் எச்சரிக்கைன்னு ஒருத்தனும் அந்தப் பக்கம் தலவச்சு படுக்கல, பொங்கல் முடிஞ்சு போயி மூடிய தெறந்தோம்.

தெறந்ததும் நாலடி பின்னாடி போயிட்டேன். ஆரஞ்சு துணி மேல மொளகுப்பொடி தூவுன மாதிரி கருப்பு புள்ளி, காலர் மடிப்புக்குள்ள சாம்பல் கலர்ல பஞ்சு மாதிரி பூத்து கெடக்கு, இடுப்பு வார் பட்டைல பக்கிளுக்கு அடில விரல வச்சா வழவழன்னு. வாடைய எப்படி சொல்றதுன்னு தெரில, நனஞ்ச கோணிப்பைல பழைய கருவாட்ட சுத்தி வச்ச மாதிரி இருந்துச்சு.

இதுக்கு ஒரு ரிவ்யூவான்னு கேப்பீங்க. ஜாக்கெட் நாறுனா மனுஷன் போட மாட்டான், அவ்ளோ தான் விஷயம். ஒரு போட் ஹவுஸ்ல நானே பாத்துருக்கேன், டிக்கெட் கிழிச்சவரு ஜாக்கெட்ட நீட்டுனாரு, அந்தக்கா ஒரு தடவ மூக்குகிட்ட கொண்டு போயிட்டு, குடும்பம் மொத்தமும் அத சீட்டுல விரிச்சு மேல ஒக்காந்துட்டாங்க. 2009 செப்டம்பர் 30 தேக்கடில ஜலகன்யகா போட்டு கவுந்து 45 பேர் போனாங்களே, அதுக்கப்புறம் ஜாக்கெட் மாட்டு மாட்டுன்னு எல்லா எடத்துலயும் கத்துறாங்க, ஆனா அத துவைக்கிறது யாருன்னு ஒருத்தரும் கேக்கல.

சரி, நான் கெடுத்த ஜாக்கெட். பாத்ரூம் டைல்ஸ்க்கு வாங்குன நுரை ஸ்ப்ரே ஒண்ணு வீட்ல இருந்துச்சு. முன்னாடி கொட்டை எழுத்துல எல்லா எடத்துக்கும் அடிக்கலாம்னு போட்ருந்தான், பின்னாடி பொடி எழுத்துல சோடியம் ஹைப்போகுளோரைட்டு, அதாவது நம்ம ப்ளீச். அடிச்சேன், அஞ்சே நிமிஷம், கருப்பு புள்ளி மாயம். அடடா இவ்ளோ தானான்னு போட்டோலாம் எடுத்து குரூப்புல போட்டு பீத்திக்கிட்டேன். காலைல பாத்தா ஆரஞ்சு வெளுத்து முலாம்பழக் கலருக்கு வந்துருக்கு, விசில் கட்டிருந்த செவப்பு கயிறு ரோஸ் ஆயிடுச்சு. கலர் போனா போகுதுன்னு விட்டேன். ஒரு வாரம் கழிச்சு வார் பட்டைய புடிச்சு சும்மா ஒரு இழு இழுத்தா தையல் நூலு பொலபொலன்னு வருது, தோள்பட்டை ஜாயின்ட்டுல சுண்டுவிரல் போற அளவுக்கு ஓட்டை. நைலானுக்கு குளோரின் ப்ளீச் ஆகவே ஆகாது, இழை உள்ளுக்குள்ளயே பலம் போயிடும், வெளிய பாத்தா சுத்தமா பளிச்சுன்னு இருக்கும். பூஞ்ச புடிச்ச ஜாக்கெட் நாறத்தான் நாறும், தூக்கிடும். வெள்ளையா சிரிக்கிற இந்த ஜாக்கெட் தண்ணில ஒருத்தன் தோளப் புடிச்சு இழுத்தா கையோட வந்துடும்.

இன்னும் ஒரு கூத்து. ப்ளீச் வாடை போகலன்னு அது மேலயே வினிகர அடிக்கலாம்னு பாட்டில எடுத்தேன், எங்க அக்கா கெமிஸ்ட்ரி டீச்சர், வராண்டாலேர்ந்து ஒரே கத்து. "டேய், வைடா கீழ! ரெண்டும் சேந்தா குளோரின் கேஸ் வரும்டா, வாசல்ல வச்சு தெருவையே காலி பண்ணப் போறியா?" தயவு செஞ்சு இத மட்டும் யாரும் பண்ணிடாதீங்க.

அதுக்கப்புறம் தான் ஆன்லைன்ல தேடி இந்த 449 ரூபா ஸ்ப்ரே. மூணு நாள்ல வந்துச்சு, டப்பா லீக்கு, ட்ரிகர் கிட்ட ஒழுகி அட்டை நனைஞ்சு போய் வந்தது, அதுக்கு தனியா அர ஸ்டார் கொறைக்கலாம், பெருந்தன்மையா விட்டுட்டேன். வாடை ஆஸ்பத்திரி வராண்டா மாதிரி லேசா இருக்கும், கண்ணு எரியாது.

யூஸ் பண்றதுல ஒரு நுணுக்கம் இருக்கு, பாட்டில்ல இத எழுதவே இல்ல. இந்த மாதிரி மருந்தும் சோப்பும் எதிரும் புதிரும், சோப்பு மிச்சம் இருக்க துணில அடிச்சா ரெண்டும் ஒண்ணையொண்ணு சாப்ட்டுட்டு சும்மா கெடக்கும், பூஞ்ச ஜாலியா இருக்கும். மொத ஜாக்கெட்டுக்கு நான் அப்படித்தான் நுரையோட அடிச்சு கால் பாட்டில் வீண் பண்ணேன். ரெண்டாவதுக்கு ஒழுங்கா பண்ணேன். மொதல்ல வெட்டவெளில நின்னு, மாஸ்க் போட்டு, காஞ்ச ப்ரஷ்ஷால மேலாப்புல இருக்கறத தட்டி விட்டேன். வீட்டுக்குள்ள தட்டாதீங்க, அந்தத் தூள் அப்படியே மூக்குக்கு போகும், வீசிங் இருக்கவங்க கிட்டயே வராதீங்க. அப்புறம் ஷாம்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணி, மெத்து ப்ரஷ், பட்டைக்கும் ஜிப்புக்கும் பழைய டூத் ப்ரஷ். அப்புறம் நுரை சுத்தமா போற வரைக்கும் நல்ல தண்ணி. தண்ணி வடிஞ்சப்புறம் தான் ஸ்ப்ரே, அதுவும் துணி நனையற மாதிரி, அடிச்ச ஒடனே தொடைக்கக் கூடாது, பத்து நிமிஷம் ஈரமாவே இருக்கணும். மறுபடி அலசி நெழல்ல தொங்க விட்டாச்சு.

ரிசல்ட்டு: வாடை முக்கால்வாசி போச்சு, ரெண்டாவது ரவுண்டுல முழுசா போச்சு. வழவழப்பு இல்ல. கலர் அப்படியே இருக்கு. பளபளக்கிற ரிஃப்ளெக்டர் பட்டை ஓரம் தூக்கல, உள்பக்கம் இருக்க லேபிள் அழியல. லேபிள் முக்கியம் மக்களே, எத்தன நியூட்டன் (தூக்கற சக்தி), எத்தன கிலோ ஆளுக்கு, யாரு அப்ரூவல்னு அதுல தான் இருக்கு, அது அழிஞ்சா ஜாக்கெட் அனாதை. ஆனா கருப்பு புள்ளி போகல. செத்த பூஞ்சையோட கறை அது, பச்ச குத்துன மாதிரி ஒக்காந்துரும். பாட்டில் படத்துல என்னமோ கரி புடிச்ச தோசக்கல்லு கண்ணாடி ஆன மாதிரி காட்டிருப்பான், நம்பாதீங்க.

ஒரு ஜாக்கெட்டுக்கு ரெண்டு ரவுண்டுக்கு கிட்டத்தட்ட 150 மில்லி போச்சு, அப்ப ஒரு பாட்டிலுக்கு மூணு ஜாக்கெட்டு. எட்டுக்கு கணக்கு போட்டு பாத்துட்டு மீதிக்கு வினிகருக்கு மாறிட்டேன்.

வினிகர் லிட்டர் 60 ரூபாக்கு எங்க தெருமுனைலயே கெடச்சுது. வெளிநாட்டு வீடியோல பாதி வினிகர் பாதி தண்ணின்னு சொல்வாங்க, அவங்க வினிகர் 5 சதவீதம், நம்ம கட வினிகர் பெரும்பாலும் 4 சுமாருக்கு தான் இருக்கும், அதனால நான் ரெண்டு பங்கு வினிகர் ஒரு பங்கு தண்ணின்னு கலந்தேன். கெமிக்கல் கடைல விக்கிற கெட்டி அசிட்டிக் ஆசிட் வேற சமாச்சாரம், அத வாங்கி கைய பொசுக்கிக்காதீங்க. அதே மாதிரி சோப்பு போட்டு அலசிட்டு, வினிகர அடிச்சு முக்கா மணி நேரம் விட்டு, பட்டைய தேச்சு, அலசி, தொங்கப்போட்டேன். அன்னிக்கு பூரா ஊறுகா கம்பெனி வாடை. மறுநாள் சாயங்காலம் ஒண்ணுமே இல்ல. ஸ்ப்ரே அடிச்சதையும் இதையும் கண்ண மூடிட்டு அக்காவ மோந்து பாக்க சொன்னேன், வித்தியாசம் தெரிலன்னு சொல்லிட்டா. 449க்கு மூணு ஜாக்கெட், 60க்கு ரெண்டுலேர்ந்து மூணு. நீங்களே பாத்துக்கோங்க.

கறை கண்ண உறுத்துதுன்னா மட்டும் கலர் துணிக்கு போடற ஆக்சிஜன் ப்ளீச் பவுடர், வானிஷ் மாதிரி, அதுல சோடியம் பெர்கார்பனேட்டு இருக்கும், குளோரின் இல்ல. உள்பக்கம் ஒரு மூலைல போட்டு பாத்துட்டு அர மணி நேரம் ஊற வச்சேன். புள்ளி பாதி மங்குச்சு. நாட்டு மருந்து கட வெங்காரமும் ஒருத்தர் சொன்னாரு, அதையும் கரைச்சு ஒண்ணுக்கு போட்டேன், பரவால்ல ரகம், காஞ்சப்புறம் வெள்ள வெள்ளயா படிஞ்சு ரெண்டு தடவ அலச வேண்டியதாயிடுச்சு. வெங்காரம்னா கேரம் போர்டு பவுடர் இல்ல, அது போரிக், கடைக்காரர் மாத்தி குடுத்துடப் போறாரு.

வாஷிங் மெஷின், ட்ரையர், ட்ரை க்ளீனிங், இஸ்திரி இது எதுவும் கூடாது. கார் வாஷ் கடைல ப்ரெஷர் அடிச்சா ஒரே நிமிஷத்துல போயிடும்னு எங்க குரூப்புல ஒரு அறிவாளி ஐடியா குடுத்தான். தையலுக்குள்ள தண்ணி பூந்து உள்ள இருக்க ஃபோம கிழிச்சுடும்டான்னு அவன அடக்கி வச்சோம்.

ஆனா அதே அறிவாளி வேற ஒண்ணு பண்ணிட்டான். அவனுக்கு சொந்தமா ஒரு ஆட்டோமேட்டிக் ஜாக்கெட் உண்டு, பெல்ட் மாதிரி ஒல்லியா இருக்குமே, தண்ணில விழுந்தா தானா ஊதிக்கும். உள்ள 33 கிராம் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், தண்ணி பட்டா கரையற ஒரு சின்ன மாத்திரை, அது கரைஞ்சா ஸ்பிரிங் விட்டு ஊசி போயி சிலிண்டர குத்தும். பூஞ்ச லேசா இருக்கேன்னு அத அப்படியே டப்புல முக்கிட்டான். புஸ்ஸ்ஸுன்னு ஒரு சத்தம், டப்பு தண்ணி பூரா அவன் மேல, மஞ்சக் கலர்ல பூதம் மாதிரி எழுந்து நிக்குது, பக்கத்து வீட்டு நாயி இன்னும் அந்த காம்பவுண்டு பக்கம் வர்றதில்ல. புது கிட்டுக்கு ரெண்டாயிரத்து சொச்சம் தண்டம். அந்த டைப் வச்சிருக்கவங்க மொதல்ல சிலிண்டரையும் மாத்திரையையும் கழட்டி வச்சுட்டு, ஈரத்துணியால தொடைங்க, அவ்ளோ தான். மாட்டறப்ப சிலிண்டர தராசுல வச்சு அது மேல குத்திருக்க எடையோட சரி பாருங்க.

நடுவுல ஒண்ணு சொல்லணும், இந்த ஃபோம்லாம் வர்றதுக்கு முன்னாடி ஜாக்கெட்டுக்குள்ள என்ன வச்சாங்க தெரியுமா, தக்கை, அப்புறம் இலவம்பஞ்சு. நம்ம போடி பக்கத்து மெத்தைக்கு அடைக்கிற அதே இலவம்பஞ்சு தான், இழை மேல மெழுகு மாதிரி இருக்கறதால தண்ணி ஏறாது. ஆனா எண்ணெ பட்டா போச்சு, தூக்காது. இப்ப இருக்க ஃபோமுக்கும் பெட்ரோல் பக்கத்துல வேல இல்ல, கறை போகணும்னு தின்னர் தேய்க்கிறவங்க இத குறிச்சுக்கோங்க. தெர்மாகோல் வச்ச மட்டமான ஜாக்கெட்டா இருந்தா தின்னர் பட்ட எடம் கரைஞ்சே போயிடும்.

கழுவி முடிச்சப்புறம் ஒரு டெஸ்ட் பண்ணேன், இது தான் எனக்கு புடிச்ச பார்ட்டு. எங்க ஜாக்கெட் 100 நியூட்டன், அதாவது சுமாரா பத்து கிலோவ தூக்கற சக்தி. காய்கறி கட அண்ணாச்சிகிட்ட இரும்பு எடைக்கல்லு கடன் வாங்கி, அஞ்சு கிலோ ரெண்டு, ஒரு கிலோ ஒண்ணு, மொத்தம் பதினொண்ணு கட்டி நீல ட்ரம்முல எறக்குனேன். பத்துக்கு ஏன் பதினொண்ணுன்னா இரும்பு தண்ணிக்குள்ள ஏழுல ஒரு பங்கு எடை கொறஞ்சு தெரியும், பதினொண்ணு கட்டுனா தான் கிட்டத்தட்ட ஒம்பதரை கிலோவா இழுக்கும். ஒரு நாள் முழுக்க விட்டேன். கப்பலுக்கு போற ஜாக்கெட்டுக்கு சர்வதேச விதியே இருக்கு, 24 மணி நேரம் நல்ல தண்ணில முக்கி வச்சாலும் மெதக்கற சக்தி 5 சதவீதத்துக்கு மேல கொறையக் கூடாது. என் ட்ரம்மு டெஸ்ட்டு சர்டிபிகேட் ஆகாது, ஆனா நம்ம மனசுக்கு. ஆறு ஜாக்கெட் கல்ல தூக்கிட்டு மேலயே நின்னுச்சு. ஒண்ணு ராத்திரிக்குள்ள அடில போயி ஒக்காந்துடுச்சு. அது எவனோ ரெண்டு வருஷமா போட்டுல குஷனா போட்டு மேல ஒக்காந்த ஜாக்கெட்டு, ஃபோம் அப்பளம் ஆயிருக்கு, அமுக்குனா எழும்பல. பூஞ்ச புடிக்கலன்னா அது எங்களுக்கு தெரிஞ்சே இருக்காது.

அதையும் ப்ளீச் அடிச்சதையும் குப்பைல போடறதுக்கு முன்னாடி கத்தரிக்கோலால பட்டைய வெட்டி, துணிய குறுக்க கிழிச்சு தான் போட்டேன். முழுசா போட்டா யாராச்சும் எடுத்துட்டு போயி புள்ளைங்களுக்கு மாட்டி விடுவாங்க.

லைஃப் பாய் வெறும் ப்ளாஸ்டிக், தொடைச்சா போச்சு, சுத்தி ஓடற கயிற மட்டும் வினிகர்ல ஊற வச்சேன். தூக்கி போடற கயிற பைலேர்ந்து முழுசா வெளிய இழுத்து காயப்போட்டேன், பைக்குள்ள அடில தான் பூஞ்ச ஒளிஞ்சிருக்கும்.

இப்ப வைக்கிற மொற. உப்புத்தண்ணி பட்டா வந்த அன்னிக்கே நல்ல தண்ணில ஒரு அலசு, ஏன்னா உப்பு காத்துல இருக்க ஈரத்த இழுத்துக்கிட்டே இருக்கும், காஞ்ச மாதிரி தெரியும், காஞ்சிருக்காது. நைலான பூஞ்ச திங்கறதில்ல, அதுல ஒட்டிருக்க வேர்வை, சன் ஸ்கிரீன், மீன் கவுச்சி இத தான் திங்குது. வெயில்ல போட வேணாம், வெயிலும் மெதுவா ப்ளீச் பண்ற வேல தான் பண்ணும். ஷெட்ல பிவிசி பைப்பு ஒண்ண குறுக்க கட்டி, ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம தொங்க விட்ருக்கோம், ரெண்டு நாள் ஆகும் உள்ள வரைக்கும் காய. ட்ரம்ம அண்ணன் எடுத்துட்டு போயி ஐஸ் போட வச்சுக்கிட்டாரு.

அவரு இருக்காரே, கடல்ல இத்தன வருஷத்துல ஜாக்கெட் மாட்டி நான் பாத்ததே இல்ல. போன ஞாயிறு ஏறுறப்ப வினிகர் ஜாக்கெட் ஒண்ண நீட்டி "அண்ணே, மோந்து பாருங்க, இப்ப நாறல"ன்னேன். மோந்து பாத்தாரு. "பரவால்லியே தம்பி"ன்னு மாட்டிக்கிட்டாரு. பக்கிள போடல, கேட்டதுக்கு வயிறு இறுக்குதாம்.

ஸ்ப்ரே பாட்டில்ல அடில கொஞ்சம் மிச்சம் இருக்கு, ஷூ ரேக்குக்கு அடிச்சிட்டு இருக்கேன், அதுக்கு நல்லா வேல செய்யுது.